மாமூலுக்கும் நாட்டுப் பாதுகாப்புக்கும் என்ன தொடர்பு? ஓர் எளிய விளக்கம்

கிருஷ்ணகிரியைத் தொடாமல் தென்னிந்தியாவில் நெடுந்தூரம் சரக்கு ஓட்டுவது கடினம். சென்னையிலிருந்து வரும் சாலையும் சேலத்திலிருந்து வரும் சாலையும் இங்கே சேர்ந்து ஓசூர் வழியாக பெங்களூருக்குப் போகின்றன. ஒரு பக்கம் கர்நாடக எல்லை, இன்னொரு பக்கம் ஆந்திர எல்லை. அதனால்தான் ரேஷன் அரிசி பிடிபட்டது, குட்கா மூட்டை பிடிபட்டது, கஞ்சா பிடிபட்டது என்று இந்த மாவட்டத்துப் பெயரில் செய்தி வராத வாரம் குறைவு. கடத்தல் செய்தி என்று படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அரிசி மூட்டைக்கும் நாட்டின் பாதுகாப்புக்கும் நேரடித் தொடர்பு இருப்பதாக யாருக்கும் தோன்றுவதில்லை. தொடர்பு உண்டு. அதை அடியிலிருந்து புரிந்துகொள்ள இந்தக் கட்டுரை.

முதலில் இரண்டு சொற்கள். ஊழல் என்றால், பொதுப் பதவியில் இருப்பவர் அந்தப் பதவியின் அதிகாரத்தைச் சொந்த லாபத்துக்கு விற்பது. சட்டவிரோதப் பணம் என்பதைப் பலர் 'கறுப்புப் பணம்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். அது போதாது. பணம் சம்பாதித்த விதம், அது நகரும் விதம், அது போய்ச் சேரும் காரியம் ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்று சட்டத்துக்கு மாறாக இருந்தாலே அது இந்த வகையில் வரும். உழைத்துச் சம்பாதித்த பணத்தை நன்கொடையாக வாங்கி வெடிகுண்டுக்குச் செலவிட்டால், பணத்தின் பிறப்பு சுத்தம்தான், சேருமிடம்தான் குற்றம்.

சாவடியில் எது விற்கப்படுகிறது?

மாமூல் வாங்கும் ஊழியர் தன் மனதில் ஒரு கணக்கு வைத்திருப்பார்: "அரிசிதானே போகுது, யார் சாகப்போறா?" இந்தக் கணக்கில் ஓட்டை எங்கே என்று 1993 காட்டியது.

அந்த ஆண்டு ஜனவரி 9 அன்று மகாராஷ்டிரத்தின் ராய்கட் மாவட்டத்தில், திகி என்ற சிறு துறையில் கடத்தல் சரக்கு இறங்கியது. சரக்கு ஏற்றிய வண்டிகளைக் கோண்ட்கர் பாட்டா என்ற சாலைப் பிரிவில் போலீஸார் மறித்தார்கள். பேரம் நடந்தது. பேசிய தொகை முழுவதும் கையில் இல்லாததால், மீதிக்கு ஈடாக வெள்ளிக் கட்டிகள் கொடுக்கப்பட்டன. வண்டிகள் போயின. பல ஆண்டுகளாக அந்தக் கரையில் வெள்ளியும் தங்கமும் இறங்கிக்கொண்டிருந்தன, அதற்கான கப்பமும் பழக்கமாகியிருந்தது. இந்த முறை சரக்கில் துப்பாக்கிகளும் இருந்தன. அடுத்த மாதம் அதே மாவட்டத்தின் சேகாடி கரையில் ஆர்.டி.எக்ஸ். வெடிமருந்து இறங்கியது. மார்ச் 12 அன்று பம்பாயில் குண்டுகள் வெடித்து 257 பேர் இறந்தார்கள். தண்டிக்கப்பட்டவர்களில் போலீஸாரும் சுங்க அதிகாரிகளும் உண்டு. 2013-ல் உச்ச நீதிமன்றம் இறுதித் தீர்ப்பு சொன்னது.

இந்த வழக்கை ஒருவர் கவனமாகப் படித்தால் இந்தக் கட்டுரையின் பாதி புரிந்துவிடும். அந்தப் போலீஸார் ஆயுதத்துக்காகக் கை நீட்டியவர்கள் அல்ல, வெள்ளி என்று நினைத்ததாகத்தான் வாதிட்டார்கள். நினைப்பு உண்மையாகவே இருக்கட்டும். லஞ்சம் வாங்கியவுடன் அவர்கள் தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்கும் உரிமையை விற்றுவிட்டார்கள். பார்க்காமல் விடுவதுதான் அங்கே விலைபோன சரக்கு. எல்லைச் சாவடி எதுவானாலும் இதே நிலைதான். அரிசிக்காகப் பேசி வைத்த நேரம், ஆள், வண்டி எண், 'நம்ம வண்டி' என்ற அடையாளம் எல்லாம் ஒரு தடமாகிவிடுகிறது. அந்தத் தடத்தை அரிசிக்காரனிடமிருந்து யார் வேண்டுமானாலும் வாடகைக்கு எடுக்கலாம்.

கல்லில் தொடங்கும் பணம்

நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த பொருள் கல். ஒரு கிரானைட் கட்டை 3 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 6.75 கன மீட்டர். ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 2.7 டன், கறுப்புக் கல் என்றால் 3 டன் வரை. ஆக அந்தக் கட்டை 18 முதல் 20 டன். குவாரியிலிருந்து வெளியே போக நடைச்சீட்டு வேண்டும். அதில் வண்டி எண், அளவு, தேதி, நேரம், போய்ச் சேரும் இடம் எல்லாம் இருக்க வேண்டும், அளவுக்கு ஏற்ப அரசுக்குக் கட்டணம் கட்டியிருக்க வேண்டும்.

இங்கே ஏமாற்று மூன்று வழியில் நடக்கும். 6.75-ஐச் சீட்டில் 5 என்று எழுதலாம். கட்டையின் ஓரக் கோணலுக்காகக் கழிவு கொடுப்பது தொழிலில் வழக்கம்தான், அந்தக் கழிவுக்குள் இதை ஒளிப்பார்கள். அல்லது ஒரே சீட்டில் மூன்று நடை ஓட்டலாம். அல்லது குத்தகை எடுத்த சர்வே எண்ணைத் தாண்டிப் பக்கத்துப் புறம்போக்கில் வெட்டலாம். மூன்றுக்குமே அளக்க வேண்டியவர் அளக்காமல் இருக்க வேண்டும்.

அரசுக்கு வருவாய் இழப்பு என்று இதை முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஜல்லி குவாரிகளில் இருக்கும் வெடிமருந்து. கிரானைட் கட்டையை இப்போது பெரும்பாலும் வைரக் கம்பி ரம்பம் கொண்டு அறுக்கிறார்கள், அதிகம் வெடித்தால் கட்டை விரிந்துவிடும். ஜல்லி குவாரியில் வெடிதான் வேலையே. ஜெலட்டின் தோட்டா, டெட்டனேட்டர், அம்மோனியம் நைட்ரேட் கலவை எல்லாம் உரிமம் பெற்ற கிடங்கில் இருக்க வேண்டும். எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது, எவ்வளவு மீதி என்று பதிவேட்டில் அன்றன்றே எழுத வேண்டும், மீந்ததைக் கிடங்குக்குத் திருப்ப வேண்டும். இப்போது பதிவேட்டில் 60 துளைக்கு வெடி வைத்ததாக எழுதி, உண்மையில் 45 துளைதான் போட்டார்கள் என்றால் என்ன ஆகும்? 15 துளைக்கான தோட்டாவும் டெட்டனேட்டரும் கணக்கில் வெடித்துவிட்டன, கையில் இருக்கின்றன. பெரும்பாலும் அவை உரிமம் இல்லாத இன்னொரு குவாரிக்கோ கிணறு தோண்டுபவருக்கோதான் போகும். ஆனால் அதற்குப் பிறகு எங்கே போகும் என்பதை யாராலும் சொல்ல முடியாது, ஏனென்றால் காகிதத்தில் அந்தப் பொருளே இல்லை. ஆய்வுக்கு வருபவர் துளையை எண்ணாமல், கிடங்கைத் திறக்காமல் கையெழுத்துப் போடுவதன் உண்மையான விலை இதுதான்.

இது நம் மண்ணுக்குப் புதிதல்ல. சந்தனமும் தந்தமும் கடத்திய வீரப்பனை அந்தப் பக்கத்துக் கதையாகவே பலரும் நினைவு வைத்திருக்கிறார்கள். அதைப் பொருளாதாரமாகப் பாருங்கள். சந்தனக் கட்டையைக் காட்டுக்குள் யாரும் தின்ன முடியாது. வாங்க வியாபாரி வேண்டும், ஏற்ற லாரி வேண்டும், சாவடி கடக்க வேண்டும், எண்ணெய் எடுக்க ஆலை வேண்டும். இத்தனை கைகள் மாறிய பணம்தான் துப்பாக்கியாகவும் அரிசி பருப்பாகவும் தகவலாகவும் காட்டுக்குத் திரும்பியது. 1993 ஏப்ரல் 9 அன்று பாலாறு அருகே கண்ணிவெடியில் 22 பேர் இறந்தார்கள். 2000 ஜூலை 30 அன்று கன்னட நடிகர் ராஜ்குமார் கடத்தப்பட்டு 108 நாள் கழித்துத்தான் விடுவிக்கப்பட்டார். அந்த நாட்களில் தடா என்ற தீவிரவாதத் தடுப்புச் சட்ட வழக்கில் சிறையில் இருந்தவர்களை விடுவிக்கும் அளவுக்கு மாநில அரசுகள் இறங்கின, உச்ச நீதிமன்றம் தலையிட்டுத் தடுத்தது. 2004 அக்டோபர் 18 அன்று பாப்பாரப்பட்டி அருகே வீரப்பன் சுட்டுக்கொல்லப்பட்டதோடு அது முடிவுக்கு வந்தது. ஒரு வனக் குற்றமாகத் தொடங்கியது இரண்டு மாநிலங்களின் முடிவெடுக்கும் திறனையே பிடித்துவைக்கும் நிலைக்கு வளர்ந்ததென்றால், நடுவில் இருந்த பதினைந்து இருபது வருடமும் மரம் வாங்கியவர்களின் பணம் ஓடிக்கொண்டிருந்தது.

பணம் எப்படி வெள்ளையாகிறது?

லஞ்சமும் கடத்தலும் கொடுக்கும் பணம் நோட்டுக் கட்டாக வரும். அப்படியே வைத்துக்கொண்டால் பெரிதாக ஒன்றும் வாங்க முடியாது. அதைச் சுத்தமாக்க மூன்று படி உண்டு: உள்ளே நுழைப்பது, தடம் கலைப்பது, நல்ல பணத்தோடு கலந்துவிடுவது.

நுழைப்பது சிறு துண்டுகளாக நடக்கும். வங்கியில் பெரிய தொகையை ரொக்கமாகக் கட்டினால் பான் எண் கேட்பார்கள். 10 லட்சத்துக்கு மேற்பட்ட ரொக்கப் பரிவர்த்தனையை வங்கி மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும். 'ஒன்பது லட்சமாகப் பிரித்துக் கட்டிவிடலாம்' என்று நினைப்பவர்களுக்காகவே, ஒரே மாதத்தில் ஒன்றோடொன்று தொடர்புள்ள கட்டல்கள் கூடி 10 லட்சம் தாண்டினாலும் அறிவிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. தொகை எவ்வளவானாலும் சந்தேகம் வந்தால் தனி அறிக்கை போகும், அதை வாடிக்கையாளரிடம் சொல்லவும் கூடாது.

தடம் கலைக்க இப்போது மலிவான கருவி போலி ஜி.எஸ்.டி. நிறுவனம். கடன் வாங்கித் தருகிறேன் என்று கூலி வேலை செய்பவரின் ஆதாரையும் பானையும் வாங்கி, அவர் பெயரில் ஒரு நிறுவனம் பதிவாகும். பொருளே நகராமல் பில் மட்டும் நாலு கை மாறும். பில்லோடு பணமும் மாறும். கடைசியில் அந்தத் தொழிலாளி வீட்டுக் கதவில் கோடிக்கணக்கில் வரி கேட்டு நோட்டீஸ் ஒட்டப்படும்.

கலந்துவிடுவதற்கு நிலத்தைப் போல வசதி வேறில்லை. ஓசூர் பக்கம் 30-க்கு 40 மனை ஒன்றின் வழிகாட்டி மதிப்பு 12 லட்சம், சந்தை விலை 40 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பத்திரத்தில் 12, மீதி 28 பையில். பிறகு ஒருநாள் அதே மனையை முழு விலைக்கு வங்கி வழியே விற்றால், பையில் இருந்த 28 லட்சம் விற்பனை லாபமாக வெளியே வரும். அதற்குள் மனை மைத்துனர் பெயரில், டிரைவர் பெயரில் என்று பினாமியிலும் இருந்திருக்கும். இதனால் நேர்மையாகச் சம்பளம் வாங்கும் ஒரு குடும்பத்துக்கு அந்த மனை எட்டாக் கனியாகிறது என்பது தனி வேதனை.

உண்டியல்

ஹவாலா என்று செய்தியில் சொல்வதைத் தமிழில் காலம்காலமாக உண்டியல் என்கிறோம். வேலை செய்யும் விதம் இது: துபாயில் ஒருவர் தரகரிடம் பணம் கட்டுகிறார். தர்மபுரியில் பெற வேண்டியவரிடம் ஏதோ ஒரு பத்து ரூபாய் நோட்டு இருக்கும், அதன் எண்ணைப் படமெடுத்து அனுப்புவார். இங்குள்ள தரகர் அந்த நோட்டைப் பார்த்து எண்ணைச் சரிபார்த்துப் பணத்தைக் கொடுத்துவிடுவார். பணம் எல்லையைக் கடக்கவே இல்லை. இரு தரகர்களுக்கும் இடையே கடன் மட்டும் நிற்கிறது.

அந்தக் கடனைத் தீர்க்கத் தங்கம் வரும். இங்குள்ள தரகர் அங்கே கொடுக்க வேண்டிய கடன் என்றால் ஏற்றுமதி பில் உதவும். நம் ஊர் மாங்கூழை உதாரணமாக எடுக்கலாம். ஒரு டிரம்மில் 215 கிலோ, 20 அடி கன்டெய்னரில் 80 டிரம், மொத்தம் 17.2 டன். உண்மை விலை டன்னுக்கு 900 டாலர் என்றும் பில்லில் 600 என்றும் கணக்குக்காக வைத்துக்கொண்டால், ஒரு கன்டெய்னருக்கு 5,160 டாலர் வெளிநாட்டிலேயே தங்கிவிடும். எண்ணிக்கை சரி, எடை சரி, தரச் சான்று சரி. விலை மட்டும் பொய். அதனால் சுங்கத்தில் டிரம்மைத் திறந்து பார்ப்பதால் இது பிடிபடாது, அதே வாரத்தில் மற்றவர்கள் அனுப்பிய விலையோடு ஒப்பிட்டால்தான் தெரியும்.

உண்டியல் தரகருக்கு வாடிக்கையாளர் யாரென்று கேட்கும் வழக்கமில்லை. குடும்பத்துக்கு அனுப்பும் பணமும், வரி ஏய்ப்பும், லஞ்சமும், தீவிரவாதப் பணமும் அவருடைய ஒரே நோட்டில் அடுத்தடுத்த வரிகள். 1991 மார்ச்சில் டெல்லியில் ஹிஸ்புல் முஜாஹிதீன் என்ற காஷ்மீர் தீவிரவாத அமைப்பைச் சேர்ந்தவர் என்று ஒருவர் கைதானார். அவரிடம் நடந்த விசாரணையின் தொடர்ச்சியாக நடந்த சோதனைகளில் டைரிகள் கிடைத்தன. அவற்றில் அரசியல்வாதிகள், அதிகாரிகள் பெயரைக் குறிப்பதாகச் சொல்லப்பட்ட எழுத்துகளும் தொகைகளும் இருந்தன. டைரிக் குறிப்பு மட்டுமே சாட்சியமாகாது என்று நீதிமன்றம் சொன்னதால் அந்த வழக்குகள் நிற்கவில்லை, பெயர் அடிபட்டவர்களைக் குற்றவாளி என்று சொல்ல நமக்கு உரிமையும் இல்லை. ஆனால் விசாரணை ஏன் இழுத்தடிக்கப்பட்டது என்ற கேள்வியிலிருந்து பிறந்ததுதான் 1997 டிசம்பர் 18 தேதியிட்ட, பத்திரிகையாளர் வினீத் நாராயண் தொடுத்த வழக்கின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்குச் சட்ட அந்தஸ்து கிடைக்க அந்தத் தீர்ப்பே காரணம். தீவிரவாதத்தின் பணத் தடத்தைப் பிடித்துக்கொண்டு போன விசாரணை அரசியலின் வாசலில் நின்றது. அதே வழியில் தானும் பணம் வாங்குகிறவர் அந்த வழியை எப்படி மூடுவார்?

படைக்குள்ளேயே அரிப்பு

நூறு நாள் வேலையில் ஆள் இல்லாத பெயருக்கு வருகை போடுவது என்னவென்று கிராமத்தில் எல்லாருக்கும் தெரியும். இதையே ஈராக் ராணுவத்தில் செய்தார்கள். 2014 ஜூனில் மொசூல் நகரம், அங்கிருந்த ராணுவத்தைவிட மிகச் சிறிய ஐ.எஸ். படையிடம் வீழ்ந்தது. அந்த ஆண்டு இறுதியில் புதிய பிரதமர், சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடிருந்த 50,000 வீரர்களைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். வரைபடத்தில் பட்டாளம் நின்றது, தரையில் ஆளில்லை.

வலிமையான நாடுகளும் தப்பவில்லை. அமெரிக்காவின் ஏழாவது கப்பற்படைக்குத் துறைமுகச் சேவை செய்த ஒப்பந்தக்காரர் ஒருவர், விருந்தும் விடுதியும் பணமும் கொடுத்து அதிகாரிகளிடமிருந்து கப்பல்கள் எப்போது எங்கே வரும் என்ற ரகசிய அட்டவணையை வாங்கினார். 2015-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவருக்குத் தேவைப்பட்டது பில்லில் கூடுதல் தொகைதான். ஆனால் விலைக்குக் கிடைக்கும் அட்டவணை எதிரிக்கும் அதே விலைதான்.

தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனைகளில் ஓசூரும் ஒன்று என்பதால், இதில் நம் பட்டறைகளுக்கு நேரடிப் பங்குண்டு. பாகத்தின் வரைபடத்தில் இ.என்.24 என்ற உறுதி கூடிய எஃகு என்று இருக்கும் இடத்தில் விலை குறைந்த இ.என்.8 எஃகு போட்டுக் கடைந்துவிட்டால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. அளவு, பளபளப்பு, எடை எல்லாம் ஏறக்குறைய ஒன்றே. கம்பியில் அடித்த ஹீட் நம்பரை, அதாவது எஃகு எந்த உருக்கில் வந்தது என்று காட்டும் எண்ணை, சான்றிதழோடு ஒப்பிட்டு, உலோகக் கலவையைக் காட்டும் ஸ்பெக்ட்ரோ பரிசோதனை செய்தால்தான் தெரியும். சோதிப்பவரை 'கவனித்துவிட்டால்' அந்தப் பாகம் சுமை ஏறும் நாளில் உடையும். 2017-ல் தனுஷ் பீரங்கிக்கு ஜெர்மனி தயாரிப்பு என்று சொல்லிச் சீன பேரிங்குகள் கொடுக்கப்பட்டதாக சி.பி.ஐ. வழக்குப் பதிவு செய்தது.

229 டாலர்

பெரிய சதிக்குப் பெரிய தொகை வேண்டும் என்பது தவறான எண்ணம். 2008 நவம்பர் 26 மும்பைத் தாக்குதலில் தாக்கியவர்களோடு பேச இணையத் தொலைபேசிக் கணக்கு ஒன்று பயன்பட்டது. அதைச் செயல்படுத்த முந்தைய நாள் இத்தாலியின் பிரேசியா நகரிலிருந்து அனுப்பப்பட்ட தொகை 229 டாலர். அனுப்பியவராகப் பதிவாகியிருந்த பெயர், இத்தாலிக்கே வந்திராத வேறொருவருடையது. அடையாளம் களவாடப்பட்டிருந்தது.

அதனால் தொகையைவிடப் பெயர்தான் விலை உயர்ந்த பொருள். "தம்பி, உன் அக்கவுண்ட மட்டும் குடு, மாசம் அஞ்சாயிரம் தர்றேன்" என்று கல்லூரி வாசலில் கேட்பவருக்கு வேண்டியதும் அதுதான். பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு, சிம், நெட் பேங்கிங் கடவுச்சொல் நான்கையும் வாங்கிக்கொள்வார். எங்கோ ஒரு முதியவரை மிரட்டிப் பறித்த பணம் அந்தக் கணக்கில் விழும், சில நிமிடங்களில் பத்துக் கணக்காகப் பிரிந்துவிடும். பணம் முதலில் விழுந்த கணக்கு மாணவனுடையது, போலீஸ் முதலில் வருவதும் அவனிடம்தான். சட்டவிரோதப் பணப் பரிவர்த்தனைத் தடுப்புச் சட்டத்தில் தண்டனை 3 முதல் 7 ஆண்டுச் சிறை, போதைப்பொருள் பணம் என்றால் 10 ஆண்டு வரை. ஏற்கனவே கொடுத்துவிட்டவர்கள் அந்தச் சிம்மை முடக்கி, வங்கிக்கு எழுத்தில் தெரிவித்து, சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ உடனே அழைப்பது நல்லது. வழக்கு வந்தபின் சொல்வதற்கும் முன்பே சொல்வதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

குவாரி இருக்கும் ஊர்க்காரர்கள் கிராம சபையிலும் தகவல் உரிமைச் சட்டத்திலும் இரண்டு எண்களைக் கேட்கலாம்: ஒரு மாதத்தில் கொடுத்த நடைச்சீட்டு எத்தனை, குத்தகைக்கு உட்பட்ட சர்வே எண்கள் எவை. ஊர் வழியே போகும் லாரியை ஒரு வாரம் எண்ணினாலே முதல் எண்ணைச் சரிபார்த்துவிடலாம்.

லஞ்சம் கேட்கப்பட்டால் லஞ்ச ஒழிப்புத் துறையில் புகார் கொடுக்கும் முறையும் எளிது. கொடுக்கப்போகும் நோட்டுகளின் எண்களை எழுதிக்கொண்டு, அவற்றில் பினாப்தலின் பொடி தடவித் தருவார்கள். சாட்சிகள் இருப்பார்கள். கேட்டபின் மட்டுமே பணத்தைக் கொடுக்க வேண்டும், நாமாக நீட்டினால் வழக்கு பலவீனமாகிவிடும். வாங்கியவர் விரலைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் நீர் இளஞ்சிவப்பாக மாறும். 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளி. கட்டாயத்தின் பேரில் கொடுத்துவிட்டவர் 7 நாட்களுக்குள் போலீஸிடமோ லஞ்ச ஒழிப்புத் துறையிடமோ தெரிவித்தால் அவருக்கு விலக்கு உண்டு. ஆகவே கேட்ட நாள், நேரம், இடம், கேட்டவர் சொன்ன வார்த்தை நான்கையும் அன்றைக்கே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.